போஸ் பாபுவின் பாட்டு உருளைகள்

மாத்தளை மாவட்டத்தின் மலையூர்களுள் ஒன்று யட்டவத்த. அங்கே ஒரு வீட்டிலே மாலை நேரத்தில் வானொலிப் பெட்டி பழைய பாட்டொன்றை ஒலிக்கிறது என்று கொள்ளலாம். பாடியவர் இன்னார், இயற்றியவர் இன்னார் என்று அறிவிப்பாளர் சொல்லுவார். அந்தப் பாட்டைப் பதித்து வெளியிட்ட கம்பெனி எது, அதற்கு முதல் போட்டவர் யார், தட்டு எந்த நாட்டில் அச்சாயிற்று என்பவற்றை அவர் சொல்லுவதில்லை, கேட்கின்றவரும் வினவுவதில்லை. ஆயினும் ஒரு குரல் நூறாண்டு நிலைத்து நிற்பதும், பாடிய தலைமுறையோடு மறைந்து போவதும் பெரும்பாலும் இவ்வினாக்களுக்குரிய விடைகளையே பொறுத்திருக்கின்றன.

1905ஆம் ஆண்டிலே 'வந்தே மாதரம்' என்னும் முழக்கம் வங்காளத்தில் எழுந்து நாடெங்கும் பரவிற்று. கல்கத்தாவிலே இரவீந்திரநாத தாகூர் அந்தப் பாடலைப் பாடினார். தமிழகத்திலே சுப்பிரமணிய பாரதியார் அதைத் தமிழாக்கினார். இருவரும் தம் பாட்டுக்குத் தாமே மெட்டமைத்துப் பாடிய கவிஞர்கள். தாகூர் அந்நாளிற் பாடிய குரலை இன்றும் கேட்க முடிகிறது. பாரதியார் எவ்வாறு பாடினார் என்பதற்கோ, உடனிருந்து கேட்டவர்கள் எழுதி வைத்த நினைவுகளே சான்று, குரல் கிடைக்கவில்லை. இந்த வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததன்று. கல்கத்தாவிலே ஒரு வணிகர் தம் சொந்தப் பணத்தைப் போட்டுச் சில ஆண்டுகளே நடத்திய ஒரு சிறு பாட்டுப்பதிவுக் கம்பெனி அதற்குக் காரணம். 'எச். போஸ் ரெக்கார்ட்ஸ்' என்பது அதன் பெயர். நடத்தியவர் ஹேமேந்திர மோகன் போஸ்.

ஹேமேந்திர மோகன் 1864இல் பிறந்தவர். இன்று வங்காளதேசத்தில் அடங்கிய மைமன்சிங் பகுதியைச் சேர்ந்த குடும்பத்தினர். 1898இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த ஆனந்த மோகன் போஸ் இவருடைய சிறிய தந்தையார். குழந்தை இலக்கியத்தாலும் அச்சுக்கலையாலும் புகழ் பெற்ற உபேந்திர கிஷோர் ராய் இவருடைய மைத்துனர். பிற்காலத்தில் உலகம் அறிந்த திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய், அந்த உபேந்திர கிஷோரின் பேரர். கற்றவர்களும் கலைஞர்களும் நாள்தோறும் வந்து போகும் வீடு அது. ஆனால் போஸ் பாபு பிழைப்புக்காக விற்றது கவிதையுமன்று, ஓவியமுமன்று. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்.

'குந்தளின்' என்பது அந்த எண்ணெயின் பெயர். 'தெல்கோஷ்' என்று ஒரு வாசனைத் திரவியமும் விற்றார். விளம்பரம் செய்வதில் அவருக்கிருந்த கற்பனை பலருக்கு வாய்ப்பதில்லை. 1896இல் 'குந்தளின் பரிசு' என்று ஒரு சிறுகதைப் போட்டியை அவர் ஏற்படுத்தினார். கதையிலே எண்ணெயின் பெயரும் வாசனைத் திரவியத்தின் பெயரும் எங்கேனும் வரவேண்டும். ஆனால் படிப்பவருக்கு அது விளம்பரம் என்று தோன்றக்கூடாது. இதுவே நிபந்தனை. முதலாண்டுப் பரிசைப் பெற்றவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். கடலிலே கொந்தளித்து எழுந்த புயல், ஒரு புட்டி தலையெண்ணெயைக் கொட்டியதும் அடங்கிப் போவதாக அவர் எழுதினார். எண்ணெய் படர்ந்த நீரில் அலை தணியும் என்ற பௌதிக உண்மையையும் கம்பெனியின் நிபந்தனையையும் ஒரே கதையில் அவர் பொருத்திவிட்டார். வங்க மொழியில் எழுந்த முதல் விஞ்ஞானக் கதைகளுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது. சில ஆண்டுகள் கழித்து, பெயரறியாத ஓர் இளைஞர் தம் மாமன் பெயரில் ஒரு கதையை அனுப்பிவிட்டுப் பர்மாவுக்குக் கப்பலேறினார். அதற்குப் பரிசு கிடைத்தது. அந்த இளைஞரே சரத் சந்திரர். 'தேவதாஸ்' எழுதியவரின் முதற் பரிசு ஒரு தலையெண்ணெய்க் கம்பெனியிலிருந்து வந்தது என்பது தமிழ் வாசகருக்கும் சுவையான செய்தியே.

புதிய பொறி எதைக் கண்டாலும் அதைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்னும் வேட்கை போஸ் பாபுவுக்கு இருந்தது. மிதிவண்டி விற்றார், விற்றதோடு நில்லாமல் ஜகதீச சந்திர போஸ், இரசாயன அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் போன்ற பெரியவர்களைக் கல்கத்தாத் தெருவில் மிதிவண்டி ஏற்றிப் பழக்கினார். மோட்டார் வண்டி வணிகத்திலும் இறங்கினார். வண்ணப் புகைப்படம் எடுத்தார். அந்த வேட்கையின் வழியாகவே, 1900ஆம் ஆண்டையொட்டி, எடிசனுடைய போனோகிராப் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

போனோகிராப் வேறு, கிராமபோன் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டால் இந்தக் கதை விளங்காது. எடிசன் 1877இல் கண்ட போனோகிராப் உருளையில் ஒலியைப் பதிப்பது. எமில் பெர்லினர் அதற்குப் பத்தாண்டு கழித்து அமைத்த கிராமபோன் தட்டையான வட்டில் பதிப்பது. உருளை மெழுகு போன்ற ஒரு மென்பொருளால் ஆனது. பாடுகிறவர் ஒரு பெரிய குழலின் வாயில் முகத்தை வைத்து உரக்கப் பாடுவார். குழலின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகடு அதிரும். தகட்டோடு பொருந்திய ஊசி, சுழலும் மெழுகில் மேடும் பள்ளமுமாக ஒரு நுண்ணிய கோட்டைக் கீறிச் செல்லும். அவ்வளவுதான். மின்சாரமில்லை, ஒலிவாங்கியும் இல்லை. சாதாரண உருளையொன்றில் இரண்டு நிமிடம் வரையே பாட்டு அடங்கும். ஆலாபனையும் நிரவலுமாக அரை மணி பாடிப் பழகியவருக்கு அது பெருஞ்சோதனை.

ஆனால் உருளைப் பொறிக்கு ஒரு சிறப்பு இருந்தது. அதே பொறி கேட்கவும் பயன்படும், பதிக்கவும் பயன்படும். கிராமபோன் பெட்டியை வாங்கியவர் கேட்க மட்டுமே முடியும். பதிப்பதற்குத் தொழிற்சாலையும் அச்சும் அமிலமும் வேண்டும். போனோகிராப் வாங்கியவரோ தம் கூடத்தில் உட்கார்ந்து நண்பரைப் பாடச் சொல்லிப் பதித்துக்கொள்ளலாம். போஸ் பாபுவின் நண்பர்களோ சாதாரணமானவர்களல்லர். தாகூர் வருவார், கவிஞரும் நாடக ஆசிரியருமான துவிஜேந்திரலால் ராய் வருவார். வந்தவர்கள் பாடினார்கள். விளையாட்டாகத் தொடங்கியது இவ்வாறு பெட்டி பெட்டியாக உருளைகள் சேரும் அளவுக்கு வளர்ந்தது.

இதற்குள் தட்டுகளும் கல்கத்தாவுக்கு வந்துவிட்டன. 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் அந்நகரில் ஒரு விடுதியறையைப் பதிவுக் கூடமாக்கி, புகழ் பெற்ற பாடகி கௌஹர் ஜானைப் பாட வைத்தார். பதித்த மூலங்கள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்றன. அங்கே தட்டாக அச்சாகி, மறு ஆண்டு விற்பனைக்குத் திரும்பி வந்தன. பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்திற் சொல்லி முடிப்பதை அந்தத் தட்டுகளில் கேட்கலாம். ஹானோவர்த் தொழிலாளிக்கு இந்தியப் பாட்டும் தெரியாது, பாடியவரையும் தெரியாது. எந்தத் தட்டுக்கு எந்தப் பெயர்ச்சீட்டை ஒட்டுவது என்று அறிய அந்த அறிவிப்பு வேண்டியிருந்தது. பின்னர் நிக்கோல், பெக்கா, ஓடியன் என்று வேறு ஐரோப்பியக் கம்பெனிகளும் வந்தன. தென்னாட்டிலே காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், சேலம் கோதாவரி முதலியோர் பாடிய தட்டுகள் இக்காலத்தில் எழுந்தவை. பதித்தவர் ஒரு நாட்டார், அச்சிட்டவர் ஒரு நாட்டார், பாடியவரும் வாங்கியவரும் மட்டுமே இந்நாட்டார். இலாபம் எந்தப் பக்கம் சென்றிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1905 அக்டோபர் 16ஆம் நாள் கர்சன் பிரபுவின் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. அன்று கல்கத்தாவில் அடுப்பு மூட்டாத வீடுகள் பல. மக்கள் ஒருவர் கையில் ஒருவர் இராக்கிக் கயிறு கட்டினர். அன்று மாலை, பிரிவினையை ஏற்காத வங்கத்தின் ஒருமைக்கு அடையாளமாக ஒரு மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் போஸ் பாபுவின் சிறிய தந்தையாரான ஆனந்த மோகன் போஸ். நோயுற்றிருந்த அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அவருடைய உரையை வங்க மொழியிற் படித்தவர் தாகூர். அந்நியப் பொருளை விலக்குவோம், சுதேசிப் பொருளை வாங்குவோம் என்னும் உறுதி அப்போது நாடெங்கும் பரவிற்று. வந்தே மாதரம் என்று கூவிய மாணவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1906 ஏப்ரலில் பாரிசாலில் கூடிய மாநாட்டிலே அந்த முழக்கத்துக்காகவே போலீசார் தடியடி நடத்தினர்.

துணி சுதேசியாகலாம், உப்பு சுதேசியாகலாம். பாட்டுப் பெட்டியும் சுதேசியானால் என்ன? போஸ் பாபு இந்த வினாவுக்குச் செயலில் விடை கண்டார். 1906இல் தருமதலா வீதியில் 'மார்பிள் ஹவுஸ்' என்னும் கட்டடத்திலே 'பேசும் பொறிக் கூடம்' என்ற பொருள்படும் பெயருடன் கடை திறந்தார். தம் பெயரிட்ட உருளைகளை விற்கலானார், விலைப்பட்டியல் அச்சிட்டார். அதிலே தாகூர் தாமே பாடிய பாட்டுகள் இருந்தன. சுதேசிக் கீதங்கள் இருந்தன. வந்தே மாதரம் இருந்தது. அந்தப் பாட்டை 1896ஆம் ஆண்டுக் கல்கத்தாக் காங்கிரஸ் மேடையிலே பாடியவரும் தாகூரே. அந்தக் குரலை வீட்டிற் கேட்கலாம் என்பது அந்நாளில் சிறு செய்தியன்று.

அந்நியக் கம்பெனிகளும் வந்தே மாதரப் பாட்டை வெளியிட்டன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. விற்கும் பொருளாக இருந்தால் வணிகன் எந்தப் பாட்டையும் விற்பான். ஆட்சியை எதிர்க்கும் பாட்டும் அவனுக்குச் சரக்கே. ஆகவே போஸ் கம்பெனியின் தனித்தன்மை பாட்டின் பொருளில் மட்டும் இல்லை. பதித்தவர் பாடியவரின் மொழியை அறிந்தவர், அவருடைய நண்பர். எதைப் பதிப்பது என்று தீர்மானித்தவரும் அவரே. இலாபமோ நட்டமோ அவ்வூரிலேயே தங்கிற்று. கவிஞர் தாமே தம் கவிதையைப் படிப்பதைப் பதிக்க வேண்டும் என்ற எண்ணம் விற்பனைக் கணக்குப் பார்க்கும் அயல்நாட்டுக் கம்பெனிக்கு எளிதில் தோன்றியிராது. போஸ் பாபுவுக்குத் தோன்றிற்று.

ஏறக்குறைய இதே நேரத்தில் தமிழ்நாட்டிலும் இத்தகைய ஒரு முயற்சி எழுந்தது. அது இலங்கைக் கரையையும் தொட்டது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் பதிவு செய்த சுதேசிக் கப்பற் கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது. எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு கட்டணமின்றியே ஏற்றிக்கொண்டது. ஏறியவர்க்குக் குடையும் கொடுத்தது. 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளை கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பலை வீழ்த்தியவை போட்டியும் சிறையும். பாட்டு உருளையை வீழ்த்தியதோ வேறொன்று.

அது பொறியின் இயல்பு. தட்டு என்பது ஓர் அச்சிலிருந்து ஆயிரமாயிரமாக எடுக்கக்கூடிய பொருள். தோசைக்கல்லிலிருந்து தோசை எடுப்பது போல ஒன்றுபோல் ஒன்று வந்துகொண்டேயிருக்கும். உருளையைப் பெருக்குவது அத்தனை எளிதன்று. தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். உருளைக்குத் தனித்தனிக் கூடு வேண்டும். தட்டு கெட்டியானது, மெழுகுருளையோ விரல் பட்டால் மாசுபடும், கை தவறினால் நொறுங்கும், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சிறிது தேயும். வங்காளத்து மழைக்காலத்திலே அதிற் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்த இடத்தில் ஒலிக்கோடு அரிக்கப்பட்டுப் பாட்டு வெறும் இரைச்சலாகிவிடும். வீட்டில் நண்பரைப் பதிப்பதற்கு உகந்த பொறி, நாடு முழுதும் விற்பதற்கு உகந்ததாக இல்லை. போஸ் பாபு கம்பெனி தொடங்கிய ஆண்டிலேயே ஐரோப்பாவில் உருளையின் காலம் முடியத் தொடங்கியிருந்தது.

அவர் இதை அறியாதவரல்லர். ஆனால் தட்டு அச்சிடுவதற்குத் தொழிற்சாலை வேண்டும். அது இந்தியாவில் எவரிடமும் அப்போது இல்லை. முதற்றொழிற்சாலையை 1908இல் கல்கத்தாவின் சியால்தாப் பகுதியில் அமைத்தது, அவருக்கு எதிரே நின்ற கிராமபோன் கம்பெனியேதான். அதன் பிறகு அக்கம்பெனியின் தட்டுகள் ஹானோவருக்குப் போய்வர வேண்டியதில்லை. கல்கத்தாவிற் பதித்துக் கல்கத்தாவிலேயே அச்சிட்டு விற்றார்கள். உள்ளூர் என்ற ஒரே அனுகூலத்தையும் அந்நியக் கம்பெனி இவ்வாறு எடுத்துக்கொண்டது.

போஸ் பாபு பிரான்ஸ் தேசத்தின் பாத்தே கம்பெனியோடு உடன்பாடு செய்துகொண்டார். கிராமபோன் கம்பெனியின் முத்திரை குழலுக்கு முன் அமர்ந்த நாய் என்றால், பாத்தேயின் முத்திரை சேவல். பாத்தேயின் முறை போஸ் பாபுவின் சரக்குக்கு மிகவும் பொருந்தியதாக இருந்தது. அக்கம்பெனி தன் பாட்டுகளை முதலில் உருளையிலேயே பதித்து, பின்பு பொறியின் உதவியால் உருளையிலுள்ள ஒலியைத் தட்டுக்குப் பெயர்ப்பது வழக்கம். ஆகவே கல்கத்தா உருளைகளும் பிரான்ஸுக்குக் கப்பலேறித் தட்டுகளாகித் திரும்பின. பாத்தே என்ற பெயரும் எச். போஸ் என்ற பெயரும் சேர்ந்து அவற்றில் நின்றன. சுதேசிக்காகத் தோன்றிய கம்பெனி அந்நிய நாட்டுத் தொழிற்சாலையை நாடியது முரணாகத் தோன்றலாம். ஆயினும் அது பிரிட்டிஷ் தொழிற்சாலையன்று என்ற ஆறுதல் இருந்தது. வேறு வழியும் இருக்கவில்லை.

அந்த வழியிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பாத்தேத் தட்டு ஏனைய தட்டுகளைப் போன்றதன்று. மற்றத் தட்டிலே ஊசி பக்கவாட்டில் அசையும். பாத்தேத் தட்டிலே மேலும் கீழுமாக அசையும். மற்றதற்கு உருக்கூசி, இதற்கு நீலக்கல்லில் கடைந்த சிறு குண்டுமணி. மற்றத் தட்டு விளிம்பிலே தொடங்கி நடுவை நோக்கிச் செல்லும். இது நடுவிலே தொடங்கி விளிம்பை நோக்கி வரும். ஆகவே வீட்டிலே சாதாரணக் கிராமபோன் வைத்திருப்பவர் பாத்தேத் தட்டை வாங்கிப் பயனில்லை. அதற்கென்று வேறு பொறி வாங்க வேண்டும். ஒரு பொறி வாங்கவே தயங்கும் நடுத்தரக் குடும்பம் இரண்டாவது பொறியை எங்கே வாங்கும்? முதலாம் உலகப் போர் தொடங்குமுன்பே போஸ் முத்திரையின் வணிகம் ஓய்ந்துவிட்டது. 1916இல் ஹேமேந்திர மோகன் போஸ் காலமானார்.

பத்தாண்டும் நிறையாத கம்பெனி. இதைத் தோல்வி என்று சொல்லிவிடலாம். வணிகக் கணக்கில் அது சரியும் ஆகும். ஆனால் எஞ்சியதைப் பார்க்கும்போது கணக்கு வேறுவிதமாகிறது. மெழுகுருளைகளிற் பெரும்பாலானவை ஈரத்திலும் பூஞ்சணத்திலும் அழிந்தன. சுதேசியாகப் பதித்துச் சுதேசியாகவே வைத்திருந்தவை போய்விட்டன. அந்நிய நாட்டிற் சென்று கெட்டித்தட்டாக மாறியவற்றிற் சிலவே பிழைத்தன. அவ்வாறு பிழைத்த ஒரு தட்டின் ஒரு முகத்தில் தாகூர் வந்தே மாதரம் பாடுகிறார். மறுமுகத்தில் 'சோனார் தரி' என்னும் தம் கவிதையைத் தாமே படிக்கிறார். பாடும்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து அளவில் இருக்கும். வெண்தாடி முனிவராகப் படங்களிற் காணும் தாகூரின் தளர்ந்த முதுமைக் குரலன்று அது. உயர்ந்த சுருதியில் எழும் திடமான குரல். இடையிலே இரைச்சல் மிகுதி. என்றாலும் ஊர்வலத்தின் முன்னே நடந்து பாடிய மனிதர் அவர் என்பதை அந்தத் தட்டைக் கேட்டவர் ஐயுறமாட்டார்.

இசையைப் பதிக்கும் உரிமை யாருடையது என்ற இதே வழக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் கடல் கடந்து அமெரிக்காவிலும் எழுந்தது. அங்கே கறுப்பின மக்களின் தேவாலயங்களிற் பாடப்பட்ட உருக்கமான இசை, 1950களிலே ஆலயத்தை விட்டு வெளியே வந்து காதலையும் உலக வாழ்வின் துயரையும் பாடலாயிற்று. ஆன்மா என்ற பொருளுடைய 'சோல்' என்ற பெயர் அதற்கு அமைந்தது. தமிழிற் பக்திப் பாசுரத்தின் பண்ணை எடுத்துக் காதற் பாட்டுக்கு வைத்தால் பெரியவர்கள் எவ்வளவு முகம் சுளிப்பார்களோ அவ்வளவு எதிர்ப்பு அதற்கும் இருந்தது. அந்த எதிர்ப்பைத் தாங்கியவர்களுள் ஒருவர் ஸாம் குக். ஆலயப் பாடற்குழுவில் இருந்தவர். வெளியே வந்து பெரும்புகழ் பெற்றவர். கறுப்பினப் பாடகர் பலர் பாட்டை விற்றுக் கூலி பெற்றார்களேயன்றிப் பாட்டுக்கு உடையவராகவில்லை என்பதை அவர் கண்டார். 1959இல் ஜே. டபிள்யூ. அலெக்ஸாண்டர் முதலிய நண்பர்களோடு சேர்ந்து 'எஸ்.ஏ.ஆர்.' என்ற இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். தம் பழைய ஆலயக் குழுவினரையும் வறிய குடும்பத்து இளைஞரான வோமக் சகோதரர் ஐவரையும் பாட வைத்தார்.

1964இல் அந்தச் சகோதரர் வெளியிட்ட பாட்டொன்றை அதே ஆண்டிலேயே இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் எடுத்துப் பாடினர். அக்குழுவுக்கு இங்கிலாந்தில் முதலிடம் பெற்றுத் தந்த முதற்பாட்டு அதுவே. மூலத்தட்டு அந்த அளவுக்கு விற்கவில்லை. ஆனால் பாட்டின் பதிப்புரிமையை ஸாம் குக் முன்னமே தம் கம்பெனிப் பக்கத்தில் வைத்திருந்தமையால் பணம் முற்றிலும் பிறர் கைக்குப் போய்விடவில்லை. 1964 டிசம்பர் 11ஆம் நாள் அவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். மறு ஆண்டோடு கம்பெனியும் முடிந்தது. ஒரு மனிதரின் வேட்கையால் நிற்கும் கம்பெனி அந்த மனிதரோடு போய்விடுகிறது. பெரிய கம்பெனிக்கு முதலாளி மாறினாலும் தொழிற்சாலை நிற்கும்.

இலங்கையிலும் இதற்கு ஒப்பான ஒன்றுண்டு. ஜெரால்ட் விக்கிரமசூரிய என்பவர் நடத்திய 'சூரியா' முத்திரை 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளாரன்ஸ் விஜேவர்தன முதலிய இளைஞரின் சிங்களப் பாட்டுகளைத் தட்டாக வெளியிட்டது. வெளிநாட்டுப் பாட்டையும் இந்தியத் திரைப்பாட்டையும் மட்டுமே கேட்டுப் பழகிய இளைஞர் பலருக்கு, தம் ஊர்ப் பிள்ளைகள் கித்தார் எடுத்துத் தம் மொழியிற் பாடியது புதுமையாக இருந்தது. பின்னர் ஒலிநாடா வந்து தட்டு வணிகத்தையே ஒடுக்கிற்று. பொறி மாறும்போது முதலில் விழுவது சிறு கம்பெனியே என்பதற்குக் கல்கத்தா உருளை முதற்சான்று என்றால், இதுவும் ஒரு சான்று.

கல்கத்தாவிலே போஸ் விட்ட இடத்தை மற்றொரு வங்காளி பல ஆண்டுகளுக்குப் பின் நிரப்பினார். சண்டி சரண் சாகா 1932இல் தொடங்கிய 'ஹிந்துஸ்தான்' இசைத்தட்டுக் கம்பெனியின் முதலாம் எண் தட்டு தாகூருடையது. அப்போது கவிஞருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. தம் கவிதையை அவர் படிக்கவும் பாடவும் செய்கிறார். ஒலிவாங்கி வந்துவிட்ட காலமாதலின் உரக்கக் கூவ வேண்டிய தேவை இல்லை. போஸ் தட்டையும் ஹிந்துஸ்தான் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு ஒரே மனிதரின் கால் நூற்றாண்டு செவியிலே கடந்து செல்லும். இந்திய மொழிக் கவிஞர் எவருக்கும் அக்காலத்தில் இத்தகைய பேறு எளிதில் வாய்த்ததில்லை. பாரதியார் 1921இல் மறைந்தார். சென்னையிலும் பதிவாளர்கள் வந்து போய்க்கொண்டிருந்த காலந்தான் அது. ஒரு புதுமைக் கவிஞரைக் குழலின் முன் நிறுத்த வேண்டும் என்று நினைத்த போஸ் பாபு ஒருவர் அங்கே இல்லை.

போஸ் பாபுவின் வீட்டிலே பிள்ளைகள் பதினால்வர். பொறிகளுக்கு நடுவே வளர்ந்த அவர்கள் கலைக்கும் விளையாட்டுக்குமாகப் பிரிந்து சென்றனர். கார்த்திக் போஸ் கிரிக்கெட் ஆட்டத்திற் பெயர் பெற்றார். மகள் மாலதி கோஷால் தாகூரின் பாட்டுகளைப் பாடிப் புகழ் பெற்றார். நிதின் போஸ் திரைப்படத்துக்குச் சென்று நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் ஒளிப்பதிவாளராகவும் இயக்குநராகவும் விளங்கினார். முகுல் போஸ் அதே நிறுவனத்தில் ஒலிப்பதிவாளரானார். 1935இல் நிதின் போஸ் இயக்கிய 'பாக்ய சக்ர' என்னும் வங்கப் படத்திலே, பாட்டை முன்னதாகவே தனியாகப் பதித்து வைத்துக்கொண்டு, நடிப்பவர் அதற்கேற்ப வாயசைக்கப் படம் எடுக்கும் முறை கையாளப்பட்டது. இந்தியத் திரையிற் பின்னணிப் பாட்டுக்கு அதுவே தொடக்கம் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. அதற்கு இசையமைத்தவர் ராய்சந்த் போரால். அவருடைய தந்தையார் லால்சந்த் போரால், முப்பதாண்டுகளுக்கு முன்னே போஸ் பாபுவுக்குப் போட்டியாக நின்ற கிராமபோன் கம்பெனியின் தட்டுகளிற் பாடி வங்காளமெங்கும் பெயர் பெற்றவர். உருளைக்காரரின் மக்கள் இருவரும் தட்டுப் பாடகரின் மகனும் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று அந்தப் பாட்டைப் பதித்தார்கள்.